3,01,000 ஏக்கர்

1924 பிப்ரவரி 18 அன்று சென்னை மாகாண அரசும் மைசூர் சமஸ்தானமும் கையெழுத்திட்ட காவிரி ஒப்பந்தத்தில் இரண்டு எண்கள் உண்டு. சென்னை மேட்டூரில் அணை கட்டிக்கொள்ளலாம், ஆனால் அதைக்கொண்டு புதிதாகப் பாசனம் பெறும் நிலம் 3,01,000 ஏக்கரைத் தாண்டக் கூடாது என்பது ஒன்று. கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜசாகரைக் கட்டிக்கொண்டிருந்த மைசூர், அந்த அணையின் பாசனம் போகத் தன் எதிர்காலப் பாசன விரிவை 1,10,000 ஏக்கரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. இன்று பட்டுக்கோட்டை வட்டாரத்தில் ஆற்றுத் தண்ணீர் பாய்ந்து விளையும் நெல் பெரும்பாலும் அந்த முதல் எண்ணுக்குள் அடங்கியது. சென்னை தன் விரிவுக்குத் தானே ஒரு வரம்பு எழுதிக் கொடுத்து, எதிர்த்தரப்பிடமும் ஒரு வரம்பை எழுதி வாங்கிய பிறகே இந்த மண்ணுக்குக் காவிரி வந்தது. புவி சூடாவதைத் தடுப்பதில் இந்தியா முந்திக்கொள்ள வேண்டுமா, பணக்கார நாடுகள் முதலில் செய்யட்டும் என்று பொறுத்திருக்க வேண்டுமா என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விவாதிக்கிறோம். அந்த விவாதத்தில் சாட்சி சொல்லப் பட்டுக்கோட்டை வயல்களுக்கு முழுத் தகுதி உண்டு. வரம்புக்குள் வாழ்ந்த அனுபவம் அவற்றுக்கு இருக்கிறது. வெப்பம் கூடுவதற்குக் காரணம் என்று உலகம் போட்ட பட்டியலில் நெல்வயலின் பெயரும் இருக்கிறது.

பழைய டெல்டா என்பது காவிரியும் வெண்ணாறும் தாமாகப் பாய்ந்த வடபகுதி. கல்லணையும், 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் எழுப்பிய மேலணையும் காத்து வந்தது அந்தப் பகுதியைத்தான். தெற்கே ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் நிலம் சற்று மேடு. ஏரியையும் மழையையும் நம்பிய சாகுபடி. 1925-இல் தொடங்கி 1934-இல் மேட்டூர் அணை முடிந்தபோதுதான், கல்லணையிலிருந்து புதிதாக வெட்டிய கால்வாய் வழியே காவிரி இந்தப் பக்கம் திரும்பியது. ஏறக்குறைய 148 கிலோமீட்டர் நீளும் கல்லணைக் கால்வாயை மக்கள் இன்னும் புது ஆறு என்றே சொல்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலை ஒட்டி ஓடி, கல்யாண ஓடை, ராஜாமடம் எனக் கிளை பிரிந்து, கடைசியில் புதுக்கோட்டை எல்லைக்குள் போய் முடிகிறது. கடைசியில் முடிகிறது என்பதில்தான் இந்த வட்டாரத்தின் தலையெழுத்தே இருக்கிறது. மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்கு அது வந்து சேரும் நாள் மேலே எத்தனை ஷட்டர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு முறை தவறினால் நாற்றங்கால் காயும், இரண்டு முறை தவறினால் நட்ட பயிரும் போகும்.

அந்த ஒப்பந்தம் நல்லெண்ணத்தில் விளைந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். 1910 வாக்கில் மைசூர் பெரிய அணைக்குத் திட்டம் போட்டது. மேட்டூருக்குத் தனித் திட்டம் வைத்திருந்த சென்னை அதை எதிர்த்தது. மைசூருக்குக் கிடைத்தது சிறிய அணைக்கான அனுமதி. அது போட்ட அஸ்திவாரமோ பெரிய அணைக்கானது. நீதிபதி கிரிஃபின் நடுவராக இருந்து 1914-இல் அளித்த தீர்ப்பைச் சென்னை ஏற்காமல் லண்டன் வரை முறையிட்டது. நீ முதலில் நிறுத்து, நீ முதலில் ஒப்புக்கொள் என்ற இழுபறியில் ஆண்டுகள் கழிந்தன. அத்தனை ஆண்டும் பட்டுக்கோட்டை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் முடிச்சை அவிழ்த்தது ஓர் அளவுகோல். கிருஷ்ணராஜசாகரில் தண்ணீர் தேக்குவதற்கு முன், மேலணையில் உள்ள அளவுகோலில் குறிப்பிட்ட உயரத்துக்கு ஆறு ஓட வேண்டும். ஜூனில் ஆறரை அடி, ஜனவரியில் மூன்றடி என்று மாதவாரியாக எழுதிக்கொண்டார்கள். யார் யோக்கியர் என்ற கேள்வியை விட்டுவிட்டு, கல்லில் பொறித்த அடிக்கணக்கை இரு தரப்பும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆன பிறகே அணைகள் முழு உருவம் பெற்றன. சம பலம் உள்ளவர்களுக்கு இடையே நடந்த பேரமும் அல்ல அது. பிரிட்டிஷ் மாகாணத்தின் கை ஓங்கியிருந்தது என்ற மனக்குறை கர்நாடகத்தில் இன்றும் ஆறவில்லை, அதில் நியாயமும் உண்டு. ஐம்பது ஆண்டு கழித்து 1974-இல் மறுபரிசீலனை என்று எழுதியவர்கள், அது எப்படி நடக்கும் என்பதற்கு உறுதியான வழி செய்யவில்லை. 1990-இல் நடுவர் மன்றம், 2007-இல் இறுதித் தீர்ப்பு, 2018-இல் உச்ச நீதிமன்றம் என்று நீண்ட கசப்பின் வேர்களில் அந்த ஓட்டையும் ஒன்று.

இனி நெல்வயலின் மேல் விழுந்த பழிக்கு வருவோம். தேங்கிய நீருக்கடியில் காற்றுப் படாத சேற்றில் நுண்ணுயிர்கள் மட்கிய பொருளைச் சிதைத்து மீத்தேனை உண்டாக்குகின்றன. நெல் தண்டின் வழியாகவே அது வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. 1990-இல் வாஷிங்டனில் உள்ள உலக வள ஆய்வு நிறுவனம் நாடுவாரியாகக் கணக்குப் போட்டபோது இந்தியா பெரிய குற்றவாளிகளின் வரிசையில் நின்றதற்கு நெல்லும் மாடும் ஒரு காரணம். மறு ஆண்டே டெல்லியில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறு நூலில் பதில் சொன்னார்கள்: உயிர்வாழ்வதற்காக வெளியாகும் வாயுவையும் ஆடம்பரத்துக்காக வெளியாகும் வாயுவையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது, வளிமண்டலம் தலைக்கு இவ்வளவு என்று எல்லா மனிதருக்கும் பொது. 1992-இல் ரியோ மாநாட்டில் கையெழுத்தான உடன்படிக்கையில், பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் அளவு வேறு என்ற கொள்கை இடம்பெற்றது. கடைமடை விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. தலைமடைக்காரர் இஷ்டத்துக்குத் தண்ணீரை எடுத்துவிட்டுக் கடைமடைக்காரரைப் பார்த்துச் சிக்கனம் பேசினால் அவருக்கு என்ன தோன்றுமோ அதுதான் அந்த நூலின் வாதம். அது சரியான வாதம், இன்றும் சரி. இந்தியர் ஒருவருக்குச் சராசரியாக ஆண்டுக்கு ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு; அமெரிக்கர் ஒருவருக்கு அதைப் போல ஏழு மடங்கு.

ஆனால் நியாயம் கேட்பதற்காகச் சொன்ன வாதம், காலப்போக்கில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கான சாக்காகவும் ஆகிவிட்டது. 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் முன்னின்று, 2030-க்குள் உலக மீத்தேனை 2020 அளவிலிருந்து 30 சதவீதம் குறைப்போம் என்று உறுதிமொழி எடுத்தன. இந்தியா சேரவில்லை, சிறு விவசாயியின் நெல்லையும் மாட்டையும் காட்டியது. எண்ணெய்க் கிணற்றில் கசியும் வாயுவையும் மூன்று மா நிலத்தில் நட்ட பயிரையும் ஒன்றாக வைக்கும் தாளில் கையெழுத்துப் போடாததைக் குறை சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போடாதவர் வயலிலும் ஒன்றும் செய்யாதிருக்க வேண்டும் என்பது மட்டும் எந்த நியாயத்திலும் சேராது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் மீத்தேன் ஏறக்குறைய பாதி வரை குறைகிறது. ஓட்டை போட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, அதற்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு அடுத்த பாய்ச்சல் வைப்பதுதான் செய்முறை. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை இது. மடகாஸ்கரில் 1980-களில் உருவான ஒற்றை நாற்று நடவும் ஏறத்தாழ இதையே சொல்கிறது; தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000-க்குப் பிறகு அதை இங்கே சோதித்துப் பரப்பியது. யூரியாவை அள்ளிக் கொட்டினால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற மற்றொரு வெப்ப வாயு கூடிவிடும் என்ற எச்சரிக்கையும் இதனுடன் சேர்ந்தது. ஆனால் தண்ணீர் மிச்சமாவது நம் லாபம். அதற்கு எந்த நாட்டின் கையெழுத்தும் தேவையில்லை.

அப்படியானால் கடைமடையில் ஏன் இது வேரூன்றவில்லை? அறியாமை என்று அதிகாரிகள் சொல்வது தவறு. தண்ணீர் வந்த அன்று வயலில் நிறையக் கட்டி வைப்பவர், அடுத்த முறை வருமா என்று தெரியாததால் கட்டி வைக்கிறார். வயலைக் காயவிட வேண்டுமானால் பத்து நாள் கழித்து ஷட்டர் திறக்கும் என்ற உறுதி வேண்டும். அந்த உறுதி இல்லாத இடத்தில் மண்ணைக் காயவிடுவது சூதாட்டம். வயலுக்கு வயல் வழிந்து பாயும் இடங்களில் தனி ஒருவர் நினைத்தாலும் வடிக்க முடியாது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சம்பா வயலைக் காயவைக்க எவராலும் முடியாது. நாடுகள் நிலக்கரியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் பெரும்பாலும் இதே பயத்தால்தான்: நாளை கிடைக்குமா என்ற சந்தேகம். ஆகவே முந்துவதா, பின்தொடர்வதா என்ற கேள்வி, எந்த ஷட்டர் யார் கையில் இருக்கிறது என்பதை விட்டுவிட்டுக் கேட்கப்படுகிறது. ஷட்டர் யார் கையிலோ அவர் முதலில் செய்ய வேண்டும். வளிமண்டலத்தில் ஏற்கெனவே சேர்ந்த வாயுவுக்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும் பொறுப்பு. அங்கே நாம் கேட்கும் தரப்பு. காவிரியின் முறையும், நம் மின்சாரமும், நம் நிலத்தடிக் கரியும் நம் கையில் இருக்கும் ஷட்டர்கள். அங்கே யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

காத்திருந்ததால் ஒரு நல்ல வழக்கம் அழிந்த கதையையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. வாய்க்கால் தூர்வாருவதும் கரை கட்டுவதும் ஊர்ப் பொறுப்பாக இருந்தது. குடிமராமத்து என்று பெயர். பொதுப்பணித் துறை வந்த பிறகு, அரசு பார்த்துக்கொள்ளும் என்று ஊரும், ஊர் பார்த்துக்கொள்ளட்டும் என்று அரசும் ஒதுங்கின. 1858-இல் கட்டாய உழைப்புக்குச் சட்டமே போட்டும் அது நிலைக்கவில்லை. அதைப் பொற்காலமாகப் பேசுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. மண்வெட்டி பிடித்தவர்கள் நிலமில்லாத பண்ணையாட்கள். தண்ணீர் பாய்ந்தது மிராசுதார் நிலத்தில். பண்ணையாட்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆயிற்று. யாருடைய உழைப்பில் யாருக்குப் பலன் என்பதைத் தீர்க்காத எந்தக் கூட்டு முயற்சியும் உள்ளிருந்தே அழுகும். நாட்டுக்குள் பருவநிலைச் செலவைப் பங்கிடும்போதும், கூலியாளின் விறகடுப்பிலிருந்து தொடங்காமல் குளிர்சாதன வீட்டின் மின்கட்டணத்திலிருந்து தொடங்குவதே முறை.

முந்துவதற்கு எதிராக நான் கேட்டவற்றில் வலுவான வாதம் காவிரி வழக்கிலிருந்தே கிடைக்கிறது. நடுவர் மன்றம் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டும் என்ற 192 டி.எம்.சி.யை 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் 177.25 ஆகக் குறைத்தது. குறைத்த 14.75-இல் 10 டி.எம்.சி., டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பதற்காக. நம்மிடம் உள்ளதைக் காட்டினால் பங்கு குறையும் என்று கண்ட மண்ணில், தானாகச் சிக்கனம் செய் என்றால் யார் கேட்பார்? இன்று முந்திக்கொண்டு குறைத்தால், நாளைப் பேரத்தில் அந்தக் குறைந்த அளவே நமக்கு அடித்தளமாகிவிடும் என்று இந்தியப் பேச்சாளர்கள் அஞ்சுவதும் இதே அச்சம். அச்சம் உண்மையானது. அதற்கு மருந்து அளவுகோல். எவ்வளவு மிச்சம் பிடித்தோம் என்பதை வயல்வாரியாக, ஆண்டுவாரியாக அளந்து எழுதி, அது நம் வரவாகக் கணக்கில் ஏற வேண்டும் என்று மேடையில் கேட்க வேண்டும். அளக்காமல் செய்த தியாகம்தான் பேரத்தில் காணாமல் போகும். நாம் மட்டும் குறைத்தால் கடல் ஏறாமல் நிற்குமா என்கிறார்கள். நிற்காது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னைகளை வேரோடும் இடுப்போடும் முறித்துப் போட்டபோது, எந்த நாட்டின் புகை என்று பிரித்துப் பார்த்து வீசவில்லை. அதனால்தான் பிறரைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை நமக்கு மற்றவர்களைவிட அவசியம். தன் அளவைக் காட்டத் தயங்குபவரால் அந்த உடன்படிக்கையை வற்புறுத்தவும் முடியாது.

நாடு தயங்கிய இடத்தில் ஒரு வட்டாரம் முந்திய கதையும் இங்கே உண்டு. மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க 2010-இல் ஒப்பந்தம் போடப்பட்டபோது, டெல்டா விவசாயிகள் எதிர்த்தார்கள். அந்தப் பரப்புரையின் நடுவில்தான் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் உயிர் நீத்தார். 2015-இல் தமிழக அரசு திட்டத்தை நிராகரித்தது. 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. 2023-இல் ஒரத்தநாடு பக்கம் வடசேரி நிலக்கரித் தொகுதி ஏலப் பட்டியலில் தலைகாட்டியபோது, சில நாள்களுக்குள் அதை மத்திய அரசே விலக்கிக்கொண்டது. விவசாயிகள் பருவநிலைக்காகப் போராடவில்லை, சோற்றுக்காகப் போராடினார்கள் என்று சொல்லலாம். இருக்கட்டும். 1986-இல் தூத்துக்குடி அருகே முல்லைக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைகளை நிறுத்தியபோதும் ரியோ மாநாடு நடந்திருக்கவில்லை. தன் தேவைக்காகத் தொடங்கியதே பிறகு தமிழ்நாட்டைக் காற்றாலை மின்சாரத்தில் நாட்டின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தது. கரி மண்ணுக்கடியிலேயே கிடக்கிறது என்பது, வெட்டாததன் காரணம் எதுவானாலும், காற்றுக்கு ஒரே கணக்கு.

2021 பிப்ரவரியில் கல்லணைக் கால்வாயைப் புதுப்பிக்க ஏறக்குறைய 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கரைக்குக் கான்கிரீட் போட்டால் நிலத்தடியில் நீர் ஊறாது என்ற கவலையும், போட்டால்தான் கடைமடைக்குத் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கையும் ஒரே வாய்க்காலின் இரு கரையிலும் கேட்கின்றன. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கு ஒவ்வொரு கிளை வாய்க்கால் தலைப்பிலும் அளவுகோல் வைப்பதற்கும், முறைத் தேதியை முன்கூட்டி அறிவித்து அதன்படி ஷட்டரைத் திறப்பதற்கும் போக வேண்டும். பத்தாம் நாள் தண்ணீர் வரும் என்று எழுதி, பத்தாம் நாள் தண்ணீர் வந்தால், ராஜாமடத்து விவசாயி குறுவை வயலைத் தைரியமாகக் காயவிடுவார்.