வீட்டின் மூளை இருந்த இடம்

எழுந்து போகாமலே வீட்டு விளக்கை ஏற்றவும் அணைக்கவும் ஒரு யந்திரம் வேண்டுமென்ற ஆசை அமெரிக்கக் கிருகஸ்தர்களிடம் நேற்று முளைத்ததன்று. 1966-ஆம் ஆண்டுவாக்கில் பிட்ஸ்பர்க் நகரத்தில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் எஞ்சினீயர் ஜிம் சதர்லண்டு, மிஞ்சிப்போன உறுப்புகளைச் சேர்த்து 800 பவுண்டு எடையில் ‘எக்கோ 4’ என்ற கணிப்பொறியைத் தம் வீட்டிலேயே ஸ்தாபித்து, அதைக் கொண்டு குடும்பக் கணக்கெழுதவும் அறையின் உஷ்ணத்தைக் கட்டுப்படுத்தவும் முனைந்தார். 1969-இல் நீமன் மார்க்கஸ் கடையின் விலைப்பட்டியலில் சமையலறைக்கென்றே ஹனிவெல் கணிப்பொறியொன்று 10,600 டாலருக்கு இடம்பெற்றது. அந்தப் பணத்துக்குச் சமையற்காரியையே வைத்துக்கொள்ளலாமே என்று வீட்டம்மாள்கள் கணக்குப் போட்டார்கள் போலும், ஒன்றுகூட விற்றதற்குச் சான்றில்லை.

சாமானியர் வீட்டுக்குள் இந்த வித்தை நுழைந்தது ஸ்காட்லாந்தின் வழியாக. அங்கே கிளென்ராத்திஸ் ஊரில் கால்குலேட்டர் சில்லுகள் செய்துவந்த பிகோ எலக்ட்ரானிக்ஸ் என்ற சிறு கம்பெனி, 1975-இல் தன் பத்தாவது காரியமாக எடுத்துக்கொண்டதனாலேயே எக்ஸ்-10 என்று பெயர் பெற்ற சாதனம், 1978-இல் ரேடியோ ஷாக், சியர்ஸ் கடைகளில் விலைக்கு வந்தது. சுவரை இடிக்காமல், புதுக் கம்பி இழுக்காமல், வீட்டில் ஏற்கெனவே ஓடுகிற மின்கம்பியையே தூதனாக்கியதுதான் அதன் சாமர்த்தியம். அமெரிக்க மின்சாரம் வினாடிக்கு 120 தடவை சூன்யத்தைத் தொட்டு மீள்கிறது. தொடுகிற அந்தக் கணத்தில் 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்பைச் செலுத்தினால் ஒரு குறி, செலுத்தாவிட்டால் மற்றொரு குறி. விளக்கோடு பொருத்துகிற, உள்ளங்கையில் அடங்கும் பெட்டியின் முகத்தில் இரண்டு சிறு வட்டங்கள். ஒன்றில் பதினாறு ஆங்கில எழுத்துக்கள், மற்றதில் 1 முதல் 16 வரை எண்கள். ஸ்குரூ டிரைவர் நுனியால் திருப்பி வைத்தால் அதுவே விளக்கின் விலாசம். ஆக மொத்தம் 256 விலாசங்கள்.

ஆனால் இந்தத் தூதன் மந்தகதிக்காரன். ஒரு கட்டளையைச் சேர்ப்பிக்க ஏறக்குறைய ஒரு வினாடி பிடிக்கும். போன காரியம் முடிந்ததா என்று திரும்பி வந்து சொல்லவும் மாட்டான். அதைவிடப் பெரிய இடைஞ்சல், அமெரிக்க வீட்டுக்குள் மின்சாரம் இரண்டு கிளைகளாகப் பிரிந்து வருவது: கூடத்துப் பொத்தானும் மாடி விளக்கும் வெவ்வேறு கிளையில் அமைந்துவிட்டால், சமிக்ஞை தெருவிலுள்ள டிரான்ஸ்பார்மர் வரை போய்த் திரும்ப வேண்டும், திரும்பும்போது அதற்குப் பிராணன் இராது. இரு கிளைகளையும் தொடுகிற 240 வோல்ட் மின்னடுப்பைப் போட்டால் மட்டும் செய்தி அதன் வழியே தாண்டிப் போய் விளக்கு எரியும். அடுப்பை அணைத்தால் விளக்கு மறுபடி செவிடாகும். இந்த மர்மத்தைத் துலக்குவதில் ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்த வீட்டுக்காரர்கள் அநேகர். ஒரே டிரான்ஸ்பார்மரைச் சார்ந்த அண்டைவீட்டுக்காரரும் அதே எழுத்தை வைத்திருந்தாரானால், அவர் படுக்கப்போகிற நேரத்தில் இவர் வீடு இருண்டாலும் ஆச்சரியமில்லை. இத்தனை சில்லறைத் தொல்லைகளுக்கிடையிலும் வீட்டின் மூளை வீட்டுக்குள்ளேயே இருந்தது. செய்து விற்றவன் கடையைச் சாத்திக்கொண்டு போனாலும் பெட்டி தன் வேலையைச் செய்யும். அந்த ஒரு குணத்துக்காகவே இந்த மந்தகதிக்காரனிடம் எனக்குப் பட்சபாதம் உண்டு.

பின்வந்தவை கெட்டிக்காரச் சாதனங்கள். டென்மார்க்கில் பிறந்த இசட்-வேவ் ரேடியோ அலையில் பேசிற்று. 2005-இல் வந்த இன்ஸ்டியான் மின்கம்பியிலும் ரேடியோவிலும் ஒருங்கே பேசி, கட்டளை கிடைத்ததென்று பதிலும் சொல்லிற்று. கைப்பேசி பெருகியபின், எந்த ஊரிலிருந்தும் விளக்கை ஆளலாம் என்ற சௌகரியத்தின் பின்னாலேயே மூளை வீட்டைவிட்டுக் கிளம்பிக் கம்பெனியின் சர்வரில் குடியேறிற்று. அப்படிச் சர்வரை நம்பி வீட்டு விளக்குகளை ஆண்ட, 300 டாலருக்கு விற்ற ரிவால்வ் பெட்டிக்கு ஆயுட்காலச் சேவை என்று வாக்களித்திருந்தார்கள். யாருடைய ஆயுள் என்று கேட்டுவைத்தவர் இல்லை. 2014-இல் கூகிளுக்குச் சொந்தமான நெஸ்ட் அந்தப் பெட்டியைச் செய்த கம்பெனியை வாங்கிற்று. 2016 மே மாதத்தில் சேவை நிறுத்தப்பட்டதும் பெட்டி வெறும் பிளாஸ்டிக்காயிற்று.

2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் சர்வர்களும் முன்னறிவிப்பின்றி ஓய்ந்தன. சுவர் ஸ்விச்சைக் கையால் தட்டினால் விளக்கு எரிந்தது. கைப்பேசியில் தட்டினால் மௌனம். சிலர், 2013-இல் பாலுஸ் ஸ்கவுட்சன் தொடங்கியதும் எவரும் இலவசமாக எடுத்தாளக்கூடியதுமான ஹோம் அசிஸ்டண்ட் என்ற மென்பொருளைத் தம் வீட்டுக் கணிப்பொறியிலேயே ஏற்றி, அறுந்த பேச்சை மறுபடி தொடங்கினார்கள். ஜூன் மாதத்தில் வாடிக்கையாளர் சிலரே கூடிக் கம்பெனியை விலைக்கு வாங்கிச் சர்வர்களை மீண்டும் ஓடவிட்டார்கள்; பிற்பாடு அந்தச் சேவைக்குச் சந்தாவும் விதித்தார்கள்.