தண்ணீரில் கரைந்தால் கள்ளத் தேனா?

அந்தப் போத்தலை ஒட்டுசுட்டான் பக்கத்தில், மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் வாங்கினேன். வாழ்வாதார உதவித் திட்டங்களுக்குப் பின்னர் என்ன நடந்தது என்று எழுதுவதற்காகப் போயிருந்தேன். கணவன் காணாமல் ஆக்கப்பட்ட ஒரு அக்கா வளவில் தேனீப் பெட்டிகள் வைத்திருந்தார். புறப்படும்போது சாராயப் போத்தல் ஒன்றில் தேன் வாங்கினேன். மூவாயிரம் ரூபாய்.

வீட்டில் அம்மா சூரணத்துக்குக் குழைத்துச் சாப்பிடத் தேன் தேடிக்கொண்டிருந்தா. ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தா. அடியில் தங்காமல் நூல் நூலாகப் பரவியது. "உன்னை நல்லா ஏமாத்திப் போட்டாள்" என்றா. இரண்டு கிழமையில் மூடியைத் திறந்தபோது நுரை தள்ளிக்கொண்டு வந்தது. புளித்த மணம். கோபத்தில் அந்த அக்காவுக்குத் தொலைபேசி எடுத்துக் கதைத்துவிட்டேன். அவர் திருப்பிப் பேசவில்லை. "நேரமிருந்தா ஒருக்கா வந்து பெட்டியைத் திறந்து பாருங்கோ தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

போவதற்கு முன்னர் ஒரு வேலை செய்தேன். வீட்டில் சீனிப்பாணி தடிப்பாகக் காய்ச்சி, ஆறவிட்டு, அதே கிளாசில் ஒரு சொட்டு விட்டேன். அது குண்டுமணி போல நேரே போய் அடியில் படுத்துக்கொண்டது. அம்மாவின் சோதனையில் என்னுடைய சீனிப்பாணி முதலாம் பிரிவில் பாஸ்!

தண்ணீர்ச் சோதனை காட்டுவது தேனின் தடிப்பை. அது தேனா சீனியா என்பதை அல்ல. கடதாசியில் ஊறுகிறதா என்று பார்ப்பதும் ஈரத்தை மட்டும்தான் சொல்லும். தீக்குச்சியைத் தேனில் தோய்த்துப் பற்றவைப்பதும் அப்படித்தான். எறும்பு மொய்க்காது, நாய் நக்காது என்பதெல்லாம் எறும்பையும் நாயையும் அறியாதவர்கள் சொன்ன கதை. கட்டிபட்டால் சீனி கலந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல தேனும் உறையும். அதிலுள்ள குளுக்கோஸின் அளவையும் வைத்திருக்கும் இடத்தின் வெப்பத்தையும் பொறுத்த விடயம் அது. இந்தச் சோதனைகளில் அதிகம் அடிபடுவது கள்ளத் தேன் அல்ல, மெலிந்த நல்ல தேன்.

எங்கள் தேன் மெலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கையில் பெட்டியில் வளர்ப்பது, மரப்பொந்திலும் புற்றிலும் கூடு வைக்கும் நம் நாட்டுத் தேனீயை. சுப்பர் மார்க்கெட்டில் வெளிநாட்டுப் போத்தல்களில் வரும் தேன் பெரும்பாலும் மேற்கத்தேயத் தேனீயினுடையது. தேனீ, பூவிலிருந்து கொண்டுவரும் மதுவைச் சிறகால் விசிறி வற்றவைத்து, பதம் வந்ததும் அறையை மெழுகால் மூடிவிடும். தேனுக்கான சர்வதேச உணவுத் தரநிர்ணயம் ஈரப்பதத்துக்கு வைத்திருக்கும் எல்லை 20 வீதம். எங்கள் ஈரக்காற்றில், நாட்டுத் தேனீயின் தேன் அந்த எல்லையைத் தாண்டுவது புதினம் அல்ல. தாண்டினால் இயல்பாகவே அதில் இருக்கும் மதுவம் (ஈஸ்ட்) வேலை செய்யத் தொடங்கும். நுரை வருவது அதனால்தான்.

அக்கா பெட்டியைத் திறந்து ஒரு சட்டத்தைத் தூக்கிக் காட்டினார். மேற்பாதி வெள்ளை மெழுகால் மூடியிருந்தது. கீழ்ப்பாதி திறந்தபடி மினுங்கியது. "இதை முழுக்க மூடவிட்டு எடுக்கவேணும். உங்களுக்குத் தந்தது மூடாதது. அண்டைக்கு லோன்காரன் வாற நாள்" என்றார். நுண்கடனின் கிழமைக் கட்டுக்காசுக்காகப் பத்து நாள் முந்தி எடுத்த தேன் அது. கலப்படம் அல்ல, முற்றாத தேன். பிழை பிழைதான், அதை அவரே ஒத்துக்கொண்டார். ஆனால் நான் அவரைக் கேட்ட கேள்வி வேறு.

ஆகவே தேன் வாங்கும்போது கேட்க வேண்டிய முதற் கேள்வி: "மூடின வதையிலை எடுத்ததோ?" அடுத்தது, எப்படி எடுத்தது என்பது. சுழற்றும் இயந்திரத்தில் எடுத்தால் வதை உடையாது, தேன் தெளிவாக வரும். கையால் பிழிந்தால் மகரந்தமும், கவனமில்லாவிட்டால் புழுச்சாறும் சேரும். அந்தத் தேன் கலங்கலாக இருக்கும், கெதியில் புளிக்கும்.

மூன்றாவது கேள்வியைக் கேட்கப் பலருக்குக் கூச்சம். "மாரியிலை சீனிப்பாணி வைக்கிறனீங்களோ?" மாரி மழையில் பூ இல்லாத நாட்களில் பெட்டிகளுக்குச் சீனிப்பாணி வைப்பது குற்றம் அல்ல. வைக்காவிட்டால் கூட்டம் பசியில் பறந்துபோய்விடும். பூக்காலம் தொடங்கியதும் நிறுத்தினார்களா என்பதுதான் விடயம். நிறுத்தாவிட்டால் தேனீ அந்தச் சீனியையே வதையில் நிரப்பித் தரும். "நாங்கள் சீனியே வைக்கிறதில்லை" என்று ஒரேயடியாகச் சொல்பவரைவிட, "மார்கழி மட்டும் வைச்சனாங்கள், பிறகு நிப்பாட்டினாங்கள்" என்பவரை நான் நம்புவேன்.

அளவையும் பாருங்கள். நாட்டுத் தேனீப் பெட்டி ஒன்று வருடத்துக்குத் தருவது சில கிலோ தேன்தான். பத்துப் பெட்டி வைத்திருப்பவரிடம் எல்லா மாதமும் நாற்பது போத்தல் இருந்தால் யோசிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே நிறம், ஒரே சுவை என்றாலும் அப்படித்தான். சித்திரையில் வேம்பு பூக்கும்போது எடுத்த தேனும் காட்டில் பாலை பூத்தபோது எடுத்ததும் ஒன்றாக இருக்காது. போத்தலுக்குள் வதைத்துண்டும் செத்த தேனீயும் மிதப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். அவற்றைப் பாணிக்குள்ளும் போடலாம். தராசு ஓரளவு உதவும். 750 மில்லிலீற்றர் சாராயப் போத்தலில் நிரம்பிய தேன், போத்தலின் எடை நீங்கலாக ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். நன்றாகக் குறைந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. சரியாக நிற்பதால் மட்டும் அது தேன் என்று ஆகிவிடாது.

கலப்படத்தைக் கண்டுபிடிப்பது ஆய்வுகூடத்துக்கே பாடுதான். இந்தியாவில் 2020 டிசெம்பரில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 வணிகப் பெயர்களில் விற்கும் தேனைச் சோதித்து முடிவை வெளியிட்டது. எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்றே மூன்று. வழமையான சோதனைகளுக்குப் பிடிபடாதபடியே பாணி தயாரிக்கப்படுகிறது என்பது அப்போது வெளிவந்தது. ஐரோப்பிய ஆணைக்குழு 2023இல் வெளியிட்ட ஆய்வில், இறக்குமதியான 320 மாதிரிகளில் 147 சந்தேகத்துக்குரியவை. பெரிய கம்பனியின் லேபிள் என்பதற்காக மனதை ஆற்றிக்கொள்ள முடியாது.

இனி, "சேதனத் தேன்" என்ற சொல். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, வயல்களை வாடவிட்டு, அதே வருடம் நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அந்த அமளியில் பிரபலமான சொல், இப்போது மிளகாய்த்தூளிலிருந்து தேன் வரை எல்லாவற்றிலும் ஒட்டப்படுகிறது. தேனுக்கு அதைச் சொல்வது லேசான காரியம் அல்ல. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, பெட்டியைச் சுற்றி மூன்று கிலோமீற்றருக்குள் தேனீக்கு உணவாகும் செடிகொடிகள் பெரும்பாலும் இயற்கையாக வளர்ந்தவையாகவோ சேதன முறையில் பயிரிட்டவையாகவோ இருக்க வேண்டும். தேனீக்கு வேலி தெரியாது. உங்கள் வளவில் மருந்தடிக்காவிட்டாலும் பக்கத்து வயலில் அடித்தால் என்ன செய்வது? அக்காவின் பெட்டிகளுக்கு ஒரு பக்கம் காடு, மறுபக்கம் வயல். "வயலுக்கு மருந்தடிக்கிற அண்டு வாசலிலை செத்துக் கிடக்குங்கள்" என்றார். தன் தேனைச் சேதனத் தேன் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. லேபிளில் அந்தச் சொல் இருந்தால், சான்று கொடுத்த நிறுவனத்தின் பெயரும் இலக்கமும் கூடவே இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது வெறும் விளம்பரம். அதற்காகக் கூடக் காசு கொடுக்கத் தேவையில்லை.

காட்டுத் தேன்தான் சுத்தம் என்பவர்களும் உண்டு. பெரிய மரக்கொப்பில் ஒற்றை வதையாகத் தொங்கும் பெருந்தேன் ருசியானதுதான். ஆனால் கூட்டையே கொளுத்தி எடுத்ததா, புகைபோட்டுத் தேன் பகுதியை மட்டும் வெட்டி எடுத்ததா என்று கேளுங்கள். வன்னிக் காட்டில் இன்னொன்றும் இருக்கிறது. கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்களுக்குள் தேனுக்காக இறங்குபவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். போத்தலுக்கு ஐந்நூறு ரூபாய் குறைத்துப் பேரம் பேசும்போது இது எனக்கு ஞாபகம் வருகிறது.

கடையில் வாங்கினால் தயாரிப்பாளரின் முகவரி, தொகுதி இலக்கம், திகதி, நிறை எல்லாம் இருக்க வேண்டும். சந்தேகம் என்றால் போத்தலோடும் பற்றுச்சீட்டோடும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போகலாம். மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. சமூக ஊடகத்தில் தண்ணீர்க் கிளாஸைப் படம்பிடித்துப் போடுவது அதற்கு ஈடாகாது. அப்படியான ஒரு படம் ஒரு கிராமத்துப் பெண்களின் ஒரு வருட விற்பனையையே கெடுத்துவிடும்.

வாங்கிய தேனை இறுக மூடி, ஈரம்படாத கரண்டியால் எடுங்கள். உறைந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் போத்தலை வையுங்கள், அடுப்பில் வைக்காதீர்கள். சுத்தமான தேன் என்றாலும் ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒரு துளியும் தீத்தக்கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தடவும் வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. நிறுத்திவிட்டோம்.

அன்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, மூடிய வதையில் எடுக்கும்போது இரண்டு போத்தல் வேண்டும் என்று காசை முன்கூட்டியே கொடுத்தேன். "காசு கையிலை இருந்தா முழுக்க மூடுமட்டும் பாத்திருப்பன்" என்றார் அக்கா. போத்தல்களைக் கழுவி, நன்றாக வெயிலில் காயவிட்டுக் கொண்டுவரச் சொன்னார்.