கொச்சி யூதரும் பஸ்காவுக்கு முந்திய நாட்களும்

தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழா மலரில் யூதருக்கு என்ன இடம் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்து இந்த அடுகோடியில் குடியமர்ந்திருக்கும் நமக்கு, மொழியையும் பண்டிகையையும் பிள்ளைகளிடம் எவ்வாறு ஒப்படைப்பது என்பது வீட்டுக்கு வீடு எழும் கவலை. அதே கவலையை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்து வந்த ஒரு சிறு கூட்டத்தார் நமக்கு அண்டை நாடாகிய கேரளத்தில் வாழ்ந்தனர். அவர்கள் தம் பெரும் பண்டிகையாகிய பஸ்காவுக்கு எவ்வாறு ஆயத்தமாயினர் என்பதை ஒருவாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பெங்களூருக்கும் யூதருக்கும் தொடர்பே இல்லை என்று எண்ணவேண்டா. மைசூர்ச் சாலையில் அவர்களுக்கென ஓர் இடுகாடு உண்டு. 1904இல் ஏற்பட்ட அதற்கு நிலம் ஈந்தவர் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். ஆனால் பழம் பெருமை வாய்ந்த ஜெப ஆலயத்தைக் காண விரும்புவோர் கொச்சிக்கே செல்லுதல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் இரயில்வே இலவசச் சீட்டில் குடும்பத்துடன் புறப்பட்டு மட்டாஞ்சேரியை அடைந்தோம். அடைந்த நாள் சனிக்கிழமை! யூதருக்கு ஓய்வு நாள், கதவு சாத்தியிருந்தது. வண்டிகளின் கால அட்டவணையை மனப்பாடமாக ஒப்பிக்கும் நாம் யூதரின் கிழமையை மறந்தது பற்றி மனைவி மக்கள் இன்றளவும் நகையாடுகின்றனர். மறுநாள் சென்று, செருப்பைக் களைந்து, உள்ளே நுழைந்தோம். ஆம், நம் கோயிலைப் போலவே அங்கும் செருப்பைக் கழற்றியே செல்லவேண்டும்.

அவ்வாலயம் 1568இல் கட்டப்பெற்றது. பரதேசிப் பள்ளி என்பது அதன் பெயர். 1662இல் போர்த்துகேசியர் அதைப் பாழ்படுத்தினர். ஈராண்டில் ஒல்லாந்தர் துணையால் மீண்டும் எழுந்தது. தரையில் பாவியுள்ள சீனத்து நீல ஓடுகள் பதினெட்டாம் நூற்றாண்டில் எசக்கியேல் ரகபி என்ற வணிகர் வருவித்தவை. அரண்மனையும் அதனைச் சார்ந்த கோயிலும் பக்கத்திலேயே உள்ளன.

‘பள்ளி’ என்னும் சொல்லைச் சற்றே கருதுக. தமிழில் அது கல்வி பயிலும் இடத்தையும் குறிக்கும், வழிபடும் இடத்தையும் குறிக்கும். ஐரோப்பிய யூதரும் தம் ஜெப ஆலயத்தை ‘ஷூல்’ என்பர். அதற்கும் பள்ளிக்கூடம் என்றே பொருள். தொழுதலும் படித்தலும் வெவ்வேறு அல்ல என்பது அவர்தம் கொள்கை.

இவர்தம் தொன்மைக்குச் சான்றாக நிற்பது ஒரு செப்பேடு. கொடுங்கல்லூர்ப் பகுதியாகிய முயிரிக்கோட்டில் இருந்துகொண்டு சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் ஈசுப்பு இரப்பான் என்பவனுக்கு அளித்தது அது. சங்கப் பாடல்களில் நாம் பயிலும் முசிறி அந்தப் பகுதியில்தான் இருந்தது என்பது அறிஞர் பலர் கருத்து. ஈசுப்பு இரப்பான் யார் என மயங்கவேண்டா; ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவனே அவன். பகல் விளக்கு, நடைபாவாடை, குடை, பறை, தோரணம் முதலான எழுபத்திரண்டு சிறப்புரிமைகளும் அஞ்சுவண்ணம் என்ற பதவியும் அவனுக்கும் அவன் வழியினருக்கும் வழங்கப்பட்டன. கி.பி. நான்காம் நூற்றாண்டினது என்பது யூதரின் மரபு. எழுத்தாராய்ச்சியாளர் அதனை ஏறத்தாழ கி.பி. 1000இல் வைப்பர். எழுத்தோ வட்டெழுத்து! எபிரேய மறை ஓதுவோர் தம் உரிமைப் பத்திரத்தை நம் முன்னோர் எழுதிய எழுத்திலேயே காத்து வந்தனர் என்பது நமக்கு இனிய செய்தியன்றோ?

இனிப் பஸ்காவுக்கு வருவோம். எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த இஸ்ரவேலர் மோசேயின் தலைமையில் விடுதலை பெற்று வெளியேறிய கதையைக் கிறித்தவ அன்பர்கள் நன்கறிவர். மாவு புளிக்கும்வரை காத்திராமல் அவர்கள் புறப்பட்டனர் என்பதன் நினைவாக, நிசான் மாதம் பதினான்காம் நாள் மாலை தொடங்கும் பண்டிகையில் புளித்த மா எதனையும் உண்ணலாகாது. வீட்டில் வைத்திருக்கவும் ஆகாது. கோதுமை, வாற்கோதுமை முதலிய ஐந்து தானியங்களுக்கே இவ்விலக்கு. ஐரோப்பிய யூதர் அரிசியையும் ஒதுக்கினர். கொச்சி யூதரோ அரிசி உண்பர். நம் பக்கத்து மக்களுக்கு எட்டு நாள் சோறில்லாமல் எப்படி முடியும்!

பண்டிகைக்கு முப்பது நாள் முன்னதாகவே அதன் சட்டதிட்டங்களைக் கற்கத் தொடங்கவேண்டும் என்பது தல்மூது என்னும் பெருநூலின் விதி. அந்த நாட்களில் ஜெப ஆலயத்தில் குறிப்பிட்ட சனிக்கிழமைகளுக்கெனத் தனி வாசகங்கள் உண்டு. பஸ்காவுக்கு நேர் முந்திய சனிக்கிழமை ‘பெரிய ஓய்வு நாள்’ எனப்படும். அன்று கற்றோர் நீண்ட சொற்பொழிவு ஆற்றுவர். ஏழைகளும் கோதுமை வாங்கும் பொருட்டு ஊரார் பணம் திரட்டுவதும் இக்காலத்தேயாம். கொச்சியில் பட்டம் பெற்ற ரபி என எவரும் இருந்ததில்லை. மூத்தோரே தொழுகையை நடத்தினர். கேரள ஜெப ஆலயங்களில் வேறெங்கும் காணவியலாத ஒரு புதுமையும் உண்டு. மேல்மாடத்தில் பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னால் இரண்டாவது மேடை ஒன்று இருக்கிறது. சிறப்பு நாட்களில் மறை அங்கிருந்தே வாசிக்கப்படும். பெண்டிரும் எபிரேயம் கற்றனர். அதனோடு மலையாளத்தில் தமக்கெனப் பாடல்கள் இயற்றிக் குறிப்பேடுகளில் எழுதி வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்தனர்.

வீட்டுப் பணியோ முப்பது நாளில் முடிவதன்று. குளிர்காலத்தில் வரும் ஹனுக்கா என்னும் விளக்குத் திருநாள் கழிந்தவுடனேயே கொச்சி யூத மாதர் பஸ்கா வேலையைத் தொடங்கிவிடுவர். ஏறக்குறைய நூறு நாள் உழைப்பு! அரிசியை ஒவ்வொரு மணியாகப் பொறுக்குவர். மிளகு, மல்லி முதலியவற்றையும் அவ்வாறே ஆய்ந்து தூய்மை செய்து தனியறையில் பூட்டி வைப்பர். பஸ்காவுக்கென வைத்துள்ள பாத்திரங்கள் ஆண்டில் மற்ற நாட்களில் புழங்கமாட்டா. சுவருக்கு வெள்ளையடிப்பர், கிணற்றையும் இறைத்துத் தேய்த்துக் கழுவுவர். இந்நாட்களில் ஒரு பெண் சிறு பிழை செய்யினும் கணவனுக்கும் மக்களுக்கும் தீங்கு நேரும் என்ற அச்சம் அவர்களிடையே நிலவிற்று. அண்டையில் வாழ்ந்த நம்பூதிரிமாரின் மடி ஆசாரத்தைக் கண்டு கண்டு இவர்தம் தூய்மை நோன்பு இவ்வளவு கடுமையாயிற்று என ஆராய்ந்தோர் சிலர் கூறுவர். நமக்கும் அது பொருந்தியதாகவே படுகிறது. போகியன்று வீடு வெளுக்கும் நம் பெண்டிர் இதனைப் படித்தால், தங்கள் பாடு எவ்வளவோ இலேசு எனத் தேறுதல் அடைவர். ஆடவர் இவ்வேலையில் எவ்வளவு பங்கு கொண்டனர் என்று கேட்டார் இக்கட்டுரையின் கையெழுத்துப் படியைப் பார்த்த எம் மனைவியார். விடை கூறாது அடுத்த பத்திக்குச் செல்கிறோம்.

பண்டிகைக்கு முன்னாள் இரவு மெழுகுவர்த்தி ஏந்தி வீட்டின் மூலை முடுக்கெல்லாம் புளித்த துணுக்கு ஏதேனும் உண்டோ எனத் தேடுவர். கண்டதை மறுநாட் காலை எரிப்பர். புளிப்பில்லா அப்பத்துக்கு மாவில் நீர் பட்டது முதல் பதினெட்டு நிமிடத்துக்குள் சுட்டு எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் சென்றால் புளித்ததாகவே கொள்வர். திராட்சை வற்றலை ஊறவைத்து வீட்டிலேயே மதுரசமும் செய்துகொள்வர். பின்னர் இரவு விருந்தில், வீட்டின் கடைக்குட்டி எழுந்து, “மற்ற இரவுகளைப் போலன்றி இந்த இரவு ஏன் வேறுபட்டது?” என்னும் பொருள்பட வினவுவான். தந்தை எகிப்து அடிமைத்தனத்தின் வரலாற்றைச் சொல்லித் தீர்க்கவேண்டும். பிள்ளை கேட்டால்தான் கதை பிறக்கிறது. இம்முறை நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்புக்கும் ஏற்றது என்பது எம் எண்ணம்.

இனிச் சொல்லவிருப்பது சற்றுக் கசப்பானது. எனினும் மறைத்தல் முறையன்று. விடுதலையைக் கொண்டாடும் இதே சமூகத்துள் அடிமைகளும் இருந்தனர். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்கள் அதே மறையை ஓதி, அதே நோன்பை நோற்றும், பரதேசிப் பள்ளியில் மற்றவரோடு சரிசமமாக அமர இடம் பெறவில்லை. முன்மண்டபத்தில்தான் அவர்கள் இருக்கவேண்டும். தொழுகைக்கு வேண்டிய பத்து ஆடவர் கணக்கிலும் அவர்களைச் சேர்ப்பதில்லை. ஜாதி என்னும் நோய் நம் நாட்டுக் காற்றிலேயே பரவியது போலும்! கடல் கடந்து வந்தோரையும் அது விடவில்லை.

அக்குலத்தில் 1882இல் பிறந்தவர் ஏ. பி. சேலம். சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞராகி, கொச்சிச் சட்டசபையிலும் உறுப்பினராக விளங்கிய அப்பெரியார், அண்ணல் காந்தியடிகளின் சத்தியாக்கிரக வழியை ஜெப ஆலயத்துக்குள்ளேயே கைக்கொண்டார். ‘யூத காந்தி’ என்றே அவரை அழைத்தனர். படிப்படியாகத் தடைகள் தளர்ந்தன. 1950இல் அவர்தம் மைந்தர் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். அத்திருமணத்துக்குப் பெரும் எதிர்ப்பு எழுந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சேலம் 1967இல் மறைந்தார். யூதத் தெரு இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அதே வழியில் தோன்றிய ரூபி டேனியல் என்ற அம்மையார் 1995இல் வெளிவந்த தம் நினைவு நூலில் இவ்வடிமைக் கதையைக் கூச்சமின்றி எழுதி வைத்தார்.

உள்ளே இடம் கிடைத்த வேளையில் ஊரே காலியாகத் தொடங்கிற்று. 1948இல் இஸ்ரேல் நாடு தோன்றியபோது கேரளத்தில் ஏறத்தாழ 2,500 யூதர் இருந்தனர். 1950களில் பெரும்பாலோர் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டுவிட்டனர். எவரும் துரத்தவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பக்தியே அவர்களை இழுத்துச் சென்றது. 1968இல் பரதேசிப் பள்ளியின் நானூறாவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், அஞ்சல் தலையும் வெளிவந்தது. ஆனால் தொழுவோர் தொகை ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. பின்னர் பத்து ஆடவர் சேர்வதற்கு வெளியூர் விருந்தினரை எதிர்பார்க்கும் நிலை வந்தது.

மட்டாஞ்சேரியில் கடவும்பாகம் என்ற மற்றொரு பள்ளியும் இருந்தது. அதன் மர வேலைப்பாடுகளைக் கழற்றி எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய், 1995இல் அங்கே அப்படியே நிறுவினர். மட்டாஞ்சேரியில் எஞ்சி நின்ற சுவர்களில் ஒரு பகுதி 2019ஆம் ஆண்டு மழையில் இடிந்து வீழ்ந்தது.