துச்சாதனன் ஏற்றிய கற்பூரம்

1988-ம் வருடம், அக்டோபர் 2. காந்தி ஜெயந்தி! அகிம்சையைப் போதித்தவரின் பிறந்தநாளில்தான் தூர்தர்ஷனில் ஒரு மாபெரும் யுத்தக் கதை ஆரம்பமானது. பி.ஆர்.சோப்ராவின் ‘மகாபாரத்’... மொத்தம் 94 எபிசோடுகள்! ஞாயிற்றுக்கிழமை காலையில், இந்தி ஒரு வார்த்தைகூடத் தெரியாத நம்மூர்க்காரர்களும் டி.வி. முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். நிறைந்த சபையில் ஒரு பெண்ணின் சேலையை உருவுகிறார்கள். பிறகு, உருவியவனின் ரத்தத்தை அவள் கூந்தலில் பூசிக்கொள்கிறாள். குழந்தைகளோடு குடும்பமே பார்த்தது. கேட்டால், ‘தர்மத்தைச் சொல்ற கதை சார்!’ என்றார்கள்.

ரத்தத்தைக் காட்டித் தர்மத்தைப் போதிக்க முடியுமா? இந்தக் கேள்வி டி.வி-யைவிட ரொம்பப் பழசு.

பண்டைய கிரேக்க நாடகங்களில் கொலைகள் பெரும்பாலும் மேடைக்குப் பின்னால்தான் நடக்கும். தூதுவன் ஒருவன் ஓடிவந்து, நடந்ததைச் சொல்வான். நம் நாட்டிய சாஸ்திரமும், போரையும் சாவையும் மேடையில் நேரடியாகக் காட்டாதே என்கிறது.

ரோமாபுரிக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை! கி.பி. 80-ல் கொலோசியம் திறக்கப்பட்டபோது நடந்த காட்சிகளை மார்ஷியல் என்ற கவிஞர் எழுதி வைத்திருக்கிறார். அங்கே ஒருவனுக்கு ஆர்ஃபியூஸ் வேஷம். இசையால் மிருகங்களை மயக்கிய புராண நாயகன் அவன். கதையில் மிருகங்கள் மயங்கும். அரங்கத்தில் கரடி மயங்கவில்லை. நிஜமாகவே கிழித்துப் போட்டது! இப்படிப்பட்ட கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தால் நான் இன்னும் கொடூரமானவனாகத் திரும்புகிறேன் என்று, அதற்கு முன்பே நண்பருக்குக் கடிதம் எழுதினார் தத்துவஞானி செனகா.

சரி, நம்ம கடலூர், சிதம்பரம் பக்கம் வருவோம். தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் பிறந்தது, கடலூர்ப் பகுதியை உள்ளடக்கிய திருமுனைப்பாடி நாட்டில்தான். பழைய தென்னாற்காடு கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா வந்தால், பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி முழுக்கத் தெருக்கூத்து. அங்கேயும் துகிலுரிதல் உண்டு. கடைசி நாள் படுகளத்தில், மண்ணால் செய்த பிரமாண்டமான துரியோதனன் உருவம் தரையில் கிடக்கும். தொடை பிளக்கப்படும். அந்த ‘ரத்தத்தை’த் தொட்டு, விரித்த கூந்தலை முடிவாள் திரௌபதி. (வியாசர் இந்தச் சபதத்தைச் சொல்லவில்லை. பின்னால் வந்த நாடகங்களின் கைவண்ணம் இது!)

டி.வி-யைவிடக் கூத்தில் ரத்தம் ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால், ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

துகிலுரிதல் நெருங்கும்போது கூத்து நிற்கும். துச்சாதனன் வேஷக்காரர் கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். ‘தாயே, இது நடிப்பு!’ என்கிற நடுக்கம் அதில் இருக்கும். இத்தனைக்கும் எதிரே திரௌபதியாக நிற்பதும் ஓர் ஆண் நடிகர்தான்! படுகளத்திலோ, பாண்டவர்கள் ஜெயித்ததோடு கதை முடிவதில்லை. செத்த துரியோதனனுக்காகவும் ஒப்பாரி எழும். வில்லனுக்கும் அழ ஓர் ஆள் உண்டு. வியாசர்கூட, போர் முடிந்ததும் பெண்களின் அழுகைக்கென்றே ‘ஸ்திரீ பர்வம்’ என்று ஒரு முழுப் பர்வத்தை ஒதுக்கினாரே!

2013-ல் புதிதாக எடுத்த மகாபாரதம் விஜய் டி.வி-யில் தமிழ் பேசியது. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் அம்புகள் பறந்தன. பிரமாதம்தான்! ஆனால், அழுகைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்பதை வைத்துத்தான் இந்த மாதிரி தொடர்களை நான் எடை போடுவேன். எத்தனை பேர் செத்தார்கள் என்பதை வைத்து அல்ல.

அடுத்த முறை ஒரு சரித்திர சீரியலில் தலை உருளும்போது, உங்கள் பிள்ளையின் கண்ணைப் பொத்தாதீர்கள். ‘செத்துப் போனானே... அவன் வீட்டுல இப்போ யாரு அழுவா?’ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.