தமிழ்நாட்டு நிலப் பதிவேடுகளும் தரவுத்தளமும்

தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவை நெடுங்காலம் கையால் எழுதப்பட்ட ஏடுகளாகவே இருந்தன. மக்கள் யு.டி.ஆர். எனக் குறிப்பிடும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் 1979 முதல் 1987 வரை அவற்றைப் புதுப்பித்தது. இதற்கிடையே, ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் முன்வைத்த உறவுமுறை மாதிரி, தகவல்களை அட்டவணைகளாக்கிப் பொதுவான எண்ணால் இணைக்க வழிகாட்டியது. 1988-89இல் மத்திய அரசு நில ஆவணங்களைக் கணினிமயமாக்கத் தொடங்கியது.

இன்று தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூர் விவசாயியும் தம் கிராமம், புல எண், உட்பிரிவு ஆகியவற்றைக் கொடுத்து இணையத்தில் பட்டாவைப் பார்க்கலாம். ஆனால், ஏட்டில் தவறாக எழுதிய பெயர் கணினியிலும் தவறாகவே வரும். அதனால் கடனோ விற்பனையோ தடைபடலாம். எனவே, பதிவைச் சரிபார்த்து, பிழையிருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.