பிரான்சன், மிசூரி: நேரடி நிகழ்ச்சிகளால் வளர்ந்த ஊரின் வரலாறும் முதற்பயணத் திட்டமும்

பிரான்சன் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிசூரி மாநிலத்தின் தென்மேற்கே, ஓசார்க் மலைப்பகுதியில் அமைந்துள்ள ஒரு சிறு நகரம். 2020 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் 12,638 பேர். ஆனால் ஆண்டுதோறும் பல இலட்சக்கணக்கானோர் இவ்வூருக்கு விடுமுறைக்கு வருகின்றனர். கடற்கரையோ, பெருங்கோயிலோ, தலைநகர் என்ற தகுதியோ இல்லாத இந்த ஊருக்கு மக்கள் வருவதற்கு முதன்மையான காரணம் மேடை நிகழ்ச்சிகள். பாட்டு, நகைச்சுவை, மாயவித்தை, நாடகம் ஆகியவற்றைப் பாடுவோரையும் நடிப்போரையும் நேரில் கண்டு களிக்கவே அவர்கள் வருகின்றனர்.

இவ்வூர் யாரோ ஒருவர் வரைந்த திட்டப்படி எழுந்ததன்று. வேறொரு காரணத்துக்காக வந்த விருந்தினரை இன்னும் ஒரு பொழுது தங்கவைக்க உள்ளூர் மக்கள் செய்த முயற்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து உருவானது. அந்த வரலாற்றை அறிந்தவருக்கு அங்கு முதன்முறை செல்லும் பயணத்தைத் திட்டமிடுவதும் எளிதாகும்.

பெயரும் தொடக்கமும்

1880களின் தொடக்கத்தில் ரூபன் பிரான்சன் என்பவர் இங்கு ஒரு மளிகைக்கடையும் அதனுடன் அஞ்சலகமும் நடத்தினார். அவர் பெயரே ஊருக்கு நிலைத்தது. கற்கள் நிறைந்த மேட்டுநிலம் வேளாண்மைக்கு அவ்வளவாக ஏற்றதன்று. மரம் வெட்டுதலும் சிறு பயிர்த்தொழிலுமே பிழைப்பாக இருந்தன. 1906 ஆம் ஆண்டில் ஒயிட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே இரயில் பாதை முடிக்கப்பட்டது. 1912 இல் பிரான்சன் நகராட்சித் தகுதி பெற்றது.

ஒரு நாவலும் அதைத் தேடி வந்தவர்களும்

அரோல்டு பெல் ரைட் என்ற சமயப் போதகர் உடல்நலம் தேடி ஓசார்க் மலைக்கு வந்து, கோடைக்காலங்களில் தங்கியவர். அங்கே தாம் பழகிய மக்களையும் இடங்களையும் கொண்டு ‘தி செப்பர்டு ஆஃப் தி இல்ஸ்’ என்ற நாவலை எழுதினார். 1907 இல் வெளிவந்த அந்நூல் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றது. நான்கு முறை திரைப்படமாகவும் வந்தது. அவற்றுள் 1941 ஆம் ஆண்டுப் படத்தில் ஜான் வெய்ன் நடித்தார்.

நூல் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டுதான் இரயில் வந்திருந்தது. ஆகவே கதையில் வரும் மலையையும் குடிசையையும் நேரில் காண விரும்பிய வாசகர்களுக்கு வழி திறந்திருந்தது. ரைட்டுக்கு இடமளித்த ராஸ் குடும்பத்தினரையே கதைமாந்தராக எண்ணி, அவர்கள் வீட்டைப் பார்க்க ஆட்கள் வந்தனர். இவ்வூரின் முதல் சுற்றுலாப் பயணிகள் இந்த நாவலின் வாசகர்களே. அந்தக் கதை பின்னர் ராஸ் குடும்பத்தின் பழைய நிலத்திலேயே திறந்தவெளி நாடகமாக அரங்கேறி, தலைமுறைகளைக் கடந்து நடைபெற்றது.

இரண்டு ஏரிகள்

1913 இல் மின்னுற்பத்திக்காக ஒயிட் ஆற்றின் குறுக்கே பவர்சைட் அணை கட்டப்பட்டது. அதனால் டேனிகோமோ ஏரி உருவாயிற்று. டேனி மாவட்டம், மிசூரி என்னும் சொற்களின் சுருக்கமே அப்பெயர். கோடையில் வெதுவெதுப்பான அந்நீரில் நீந்தவும் படகோட்டவும் குடும்பங்கள் வரத் தொடங்கின. கரையோரம் சிறு விடுதிகள் எழுந்தன.

1958 இல் அதே ஆற்றின் மேற்பகுதியில் டேபிள் ராக் அணை கட்டி முடிக்கப்பட்டது. இதனால் எதிர்பாராத ஒரு விளைவு ஏற்பட்டது. புதிய அணையின் ஆழத்திலிருந்து வெளியேறும் குளிர்ந்த நீர் டேனிகோமோவில் கலந்ததால், நீந்துவதற்கேற்ற ஏரி மிகக் குளிர்ந்த ஏரியாக மாறியது. நீந்த வந்தோர் குறைந்தனர். ஆனால் குளிர்நீரில் வாழும் டிரவுட் மீன் அங்கு விடப்பட்டு நன்கு பெருகியது. நீச்சல் ஏரி தூண்டில்காரர்களின் ஏரியாயிற்று. மேலே புதிதாகத் தோன்றிய டேபிள் ராக் ஏரி நீச்சலுக்கும் படகுக்கும் உரியதாயிற்று. பகலில் மீன் பிடித்தவர்களுக்கு மாலையில் பொழுது போக்க இடமில்லை. இந்தக் குறையிலிருந்தே பிரான்சனின் மேடைக்கலை தொடங்குகிறது.

குகை வாசலில் ஒரு கேளிக்கை ஊர்

பிரான்சனுக்கு மேற்கே மார்வெல் குகை உள்ளது. பளிங்குக்கல் கிடைக்குமென நம்பி 1880களில் ஒரு குழுமம் அதைத் தோண்டியது. பளிங்கு கிடைக்கவில்லை. வௌவால் எச்சத்தை உரத்துக்காக அள்ளி விற்றதோடு வேலை நின்றது. 1889 இல் கனடா நாட்டவரான வில்லியம் என்றி லிஞ்ச் அக்குகையை விலைக்கு வாங்கி, 1894 இல் பார்வையாளர்களுக்குத் திறந்தார். அவருக்குப் பின் அவருடைய மகள்கள் நடத்தினர்.

1950 இல் சிகாகோ பகுதியைச் சேர்ந்த இயூகோ எர்ஷென்டு, மேரி இணையர் குகையை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தனர். 1955 இல் இயூகோ இறந்தபின் மேரியும் இரு மகன்களும் பொறுப்பேற்றனர். குகையினுள் குழுகுழுவாகத்தான் அழைத்துச் செல்ல முடியும். மற்றவர்கள் வெளியே காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு சலிப்பூட்டாமலிருக்க, 1880களின் சுரங்க ஊரைப் போன்ற சில கடைகளையும் பட்டறைகளையும் குகை வாசலில் அமைத்தனர். 1960 மே மாதம் திறக்கப்பட்ட அதுவே சில்வர் டாலர் சிட்டி.

கடைகளில் மீதிச் சில்லறையை வெள்ளி டாலர் நாணயங்களாகக் கொடுத்தனர். பயணிகள் வீடு திரும்பும் வழியில் அவற்றைச் செலவிட்டபோது, ‘இது எங்கே கிடைத்தது?’ என்று கடைக்காரர்கள் கேட்டனர். செலவில்லாத விளம்பரம் அது. 1963 முதல் கொல்லர், குயவர், கூடை முடைவோர் முதலியோர் பங்கேற்கும் கைவினைத் திருவிழாவும் நடந்தது. இன்று அது பெரிய ரோலர் கோஸ்டர்கள் கொண்ட கேளிக்கைப் பூங்கா. ஆயினும் கைவினைஞர்கள் அங்கே இன்றும் வேலை செய்கின்றனர், குகையும் திறந்திருக்கிறது.

மேடைகள் தோன்றிய விதம்

1959 இல் மேப் குடும்பத்துச் சகோதரர்கள் நால்வர் ஏரிக்கரையில் வாரச்சில இரவுகள் பாட்டும் நகைச்சுவையும் நடத்தத் தொடங்கினர். துவைபலகை, நரம்பு கட்டிய துணித்தொட்டி, கோவேறு கழுதையின் தாடையெலும்பு ஆகியன அவர்களுடைய வாத்தியங்களுள் சில. பால்டுநாபர்ஸ் என்று தங்களுக்குப் பெயரிட்டுக்கொண்டனர். 1880களில் அப்பகுதியில் சட்டத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டு, மொட்டைக் குன்றுகளில் கூடிய முகமூடிக் கும்பலின் பெயர் அது. அச்சம் தந்த ஒரு பெயர் எழுபது ஆண்டுகளில் சிரிப்புக்குரியதாயிற்று.

குகைகளில் இசைத்து வந்த பிரெஸ்லி குடும்பத்தினர் 1967 இல் 76ஆம் எண் நெடுஞ்சாலையில் முதல் அரங்கைக் கட்டினர். நிகழ்ச்சி தோற்றுப்போனால் படகுகளை நிறுத்தி வைக்கும் கொட்டகையாக மாற்றிக்கொள்ள வசதியாக அதன் தரையைச் சமதளமாக அமைத்தனர் என்பது அவ்வூரில் வழங்கும் செய்தி. அந்த மாற்றம் தேவைப்படவில்லை. மறு ஆண்டே பால்டுநாபர்ஸ் குழுவினரும் அதே சாலைக்கு வந்தனர். அதன்பின் அந்தச் சாலையின் இருபுறமும் அரங்குகள் பெருகின.

1983 இல் கன்ட்ரி இசைக் கலைஞர் ராய் கிளார்க் தம் பெயரில் ஓர் அரங்கைத் தொடங்கினார். தேசியப் புகழ் பெற்ற ஒருவர் அங்கு நிலையான மேடை அமைத்தது பெரிய திருப்பம். அதுவரை பாடகர்கள் ஆண்டில் பெரும்பகுதியைப் பேருந்தில் ஊர் ஊராகச் சென்று கழித்தனர். பிரான்சனில் பாடகர் ஓரிடத்தில் இருக்க, கேட்பவர் பயணம் செய்து வந்தனர். காலையில் தம் வீட்டில் எழுந்து மாலையில் மேடையேறும் வாழ்க்கை பலரை ஈர்த்தது. பாக்ஸ்கார் வில்லி, மெல் டில்லிஸ், ரே ஸ்டீவன்ஸ் ஆகியோர் வந்தனர். ஜப்பானில் பிறந்து, ஒசாகாவில் கன்ட்ரி இசை கேட்டு அதில் மனம் பறிகொடுத்த பிடில் கலைஞர் ஷோஜி தபூச்சி 1990 இல் அமைத்த அரங்கு, நிகழ்ச்சிக்காக மட்டுமன்றி அலங்காரமான கழிப்பறைகளுக்காகவும் பேர்பெற்றது. 1992 இல் ஆண்டி வில்லியம்ஸ் தம் அரங்கைத் திறந்தார். கன்ட்ரி இசைக்கு அப்பாற்பட்ட பாடகர்களுக்கும் இங்கு இடமுண்டு என்பதை அது காட்டியது.

1991க்குப் பின்

1991 டிசம்பரில் ‘60 மினிட்ஸ்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி பிரான்சனைப் பற்றி ஒரு தொகுப்பை ஒளிபரப்பியது. அடுத்த கோடையில் கூட்டம் பெருகியது. அரங்குகளும் விடுதிகளும் விரைந்து எழுந்தன. இருவழிச் சாலையாக இருந்த 76ஆம் எண் சாலையில் வாகனங்கள் ஊர்ந்து சென்றன. இந்நெரிசலைத் தவிர்க்க நகரம் சிவப்பு, மஞ்சள், நீலம் என நிறங்களால் அடையாளமிட்ட மாற்றுவழிகளை ஏற்படுத்தியது.

முதியோர் நிறைந்த சுற்றுலாப் பேருந்துகளே நெடுங்காலம் இவ்வூரின் வருவாய்க்கு அடிப்படை. அந்தத் தலைமுறைப் பாடகர்களும் ரசிகர்களும் மறையத் தொடங்கியபோது ஊர் தன்னை மாற்றிக்கொண்டது. 2006 இல் டேனிகோமோ கரையில் பிரான்சன் லேண்டிங் என்ற கடைவீதியும், அதே ஆண்டில் டைட்டானிக் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டன. 2008 முதல் விவிலியக் கதைகளைப் பிரம்மாண்டமாக நடிக்கும் அரங்கு ஒன்று இயங்குகிறது. 2009 இல் தனியார் முதலீட்டில் ஒரு விமான நிலையமும் வந்தது. 2012 பிப்ரவரி 29 அன்று சூறாவளி ஒன்று 76ஆம் எண் சாலையோரம் பல கட்டடங்களைச் சேதப்படுத்தியது. அவ்வாண்டுச் செப்டம்பரில் ஆண்டி வில்லியம்ஸ் பிரான்சனிலேயே காலமானார்.

2018 ஆம் ஆண்டின் படகு விபத்து

நிலத்திலும் நீரிலும் செல்லும் ‘டக்’ படகுச் சவாரி இவ்வூரின் பழைய பொழுதுபோக்குகளுள் ஒன்று. 2018 ஜூலை 19 மாலை, கடும் இடிமழை எச்சரிக்கை வெளியான பிறகும் இத்தகைய ஒரு படகு 31 பேருடன் டேபிள் ராக் ஏரியில் இறங்கியது. பலத்த காற்றெழுப்பிய அலைகளில் அது மூழ்க, 17 பேர் இறந்தனர். அவர்களுள் ஒன்பது பேர் ஒரே குடும்பத்தினர்.

படகின் மேற்கூரை தப்பிச் செல்வதற்குத் தடையாக இருந்தது. 1999 இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் இதே வகைப் படகு மூழ்கி 13 பேர் இறந்தபோதே, கூரைகளை அகற்றுமாறு தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பரிந்துரைத்திருந்தது. அது பரிந்துரையாகவே நின்றுவிட்டது. 2022 இன் இறுதியில்தான் கூரைகளை அகற்றுவது உள்ளிட்ட விதிகள் சட்டமாயின. மகிழ்ச்சியைத் தொழிலாகக் கொண்ட ஊரில் நேர அட்டவணையைவிட வானிலையே முந்தியது என்பதை அவ்விபத்து உணர்த்தியது.

பருவமும் பிழைப்பும்

பிரான்சனின் ஆண்டு, நிகழ்ச்சிகளின் ஆண்டு. மார்ச் மாதத்தில் அரங்குகள் ஒவ்வொன்றாகத் திறக்கும்; கோடையும் இலையுதிர்காலமும் நிறைகூட்டக் காலங்கள். நவம்பரில் முன்னாள் படைவீரர்களைப் போற்றும் வாரமும், அதையொட்டிக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளும் நடைபெறும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பெரும்பாலான அரங்குகள் மூடியிருக்கும்.

இந்தச் சுழற்சி ஊழியர்களின் வாழ்விலும் பதிந்துள்ளது. விடுதி அறைகளைத் துப்புரவு செய்வோர், உணவு பரிமாறுவோர், சீட்டு விற்போர் ஆகியோரில் பலருக்குக் குளிர்காலத்தில் வேலை குறையும் அல்லது இல்லாமற்போகும். வாடகை வீடு கிடைக்காமல், பழைய மோட்டல் அறைகளில் வார வாடகைக்குக் குடும்பத்துடன் வாழ்வோரும் உள்ளனர்.

முதற்பயணத்தைத் திட்டமிடுதல்

முதன்முறை செல்வோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது மாதம். இசைக்காக மட்டும் செல்வோருக்கு இலையுதிர்காலமும், குழந்தைகளுடன் செல்வோருக்குக் கோடையும், விளக்கு அலங்காரம் காண விரும்புவோருக்கு நவம்பர் நடுப்பகுதிக்குப் பிந்தைய வாரங்களும் பொருந்தும். குளிர்கால விடுமுறையில் செல்ல எண்ணுவோர் விரும்பிய அரங்கு திறந்திருக்கிறதா என்று பார்த்த பின்னரே அறை பதிவு செய்தல் வேண்டும்.

அடுத்தது போக்குவரத்து. வழக்கமான விமானச் சேவைகளுக்குப் பெரும்பாலோர் வடக்கே சுமார் ஒருமணி நேரத் தொலைவிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நிலையத்தையே பயன்படுத்துகின்றனர். அங்கிருந்து 65ஆம் எண் சாலையில் வரலாம். அரங்குகளும் ஏரிகளும் பூங்காவும் சிதறியிருப்பதால் சொந்த அல்லது வாடகைக் கார் இன்றியமையாதது. மாலை நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் 76ஆம் எண் சாலையை விட்டு நிறவழிகளில் செல்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

நிகழ்ச்சிகள் பொதுவாகக் காலை, பிற்பகல், இரவு என மூன்று வேளைகளில் நடக்கும். மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முயல்வோர் களைத்துப்போவர். நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். பால்டுநாபர்ஸ், பிரெஸ்லி மரபில் வந்த குடும்ப நிகழ்ச்சி ஒன்றும், புதிய தலைமுறையின் பெருநாடகம் ஒன்றும் பார்த்தால் ஊரின் தொடக்கமும் இன்றைய நிலையும் சேர்ந்து விளங்கும். குடும்ப அரங்குகள் பலவற்றில் இடைவேளையிலோ முடிவிலோ கலைஞர்களுடன் நேரில் பேசலாம். சில்வர் டாலர் சிட்டிக்கு ஒரு முழுநாள் வேண்டும். குகையில் படிகள் மிகுதி. முழங்கால் வலி உள்ளோர் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

சாலையோரத்தில் இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ சீட்டு தருவதாகச் சொல்லும் நிலையங்கள் உண்டு. அவற்றுள் பல, டைம்ஷேர் எனப்படும் விடுதிப் பங்குத் திட்ட விற்பனைப் பேச்சைச் சில மணிநேரம் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் தருபவை. விடுமுறையின் அரைநாள் அதற்குப் போகும். நிபந்தனையை முழுதும் படித்த பின்னரே ஒப்புக்கொள்ள வேண்டும். அரங்கின் சொந்தச் சீட்டுச் சாளரத்தில் வாங்குவதே குழப்பமற்ற வழி.

ஏரியில் படகேறும் நாளில் அன்றைய வானிலை அறிவிப்பைப் பார்த்துச் செல்வதும், எச்சரிக்கை இருப்பின் சீட்டுப் பணத்தைப் பொருட்படுத்தாமல் கரையிலேயே நின்றுவிடுவதும் பயணத் திட்டத்தின் ஒரு பகுதியாக இருத்தல் வேண்டும். மழை நாளுக்கென்று ஒரு பிற்பகல் நிகழ்ச்சியை ஒதுக்கி வைத்தால் அந்த நாளும் வீணாகாது.