ஓட்டுநர் இல்லாத ரயிலும் விடியாத பஸ்ஸும்

1980-ஐ ஒட்டி ஓடிய ரெண்டு வண்டிகளின் கதை இது. அந்த வருட செப்டம்பரில், அமெரிக்காவின் அட்லாண்டா விமான நிலையத்தில் தரைக்கு அடியில் ஓட்டுநர் இல்லாத ரயில் வந்தது. முனையத்திலிருந்து விமானம் ஏறும் கூடங்கள் வரை, பெட்டியோடு ஆட்கள் நெடுந்தூரம் நடக்க வேண்டாமே என்றுதான் இந்த ஏற்பாடு.

அதே காலத்தில் சிவகாசி வட்டாரத்தில், விடியுமுன்பே தீப்பெட்டி ஆலை பஸ்கள் ஊர் ஊராகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயின. தூக்கம் கலையாத பிள்ளைங்க. வீடு திரும்பும்போது இருட்டிடும்.

1986 சட்டம் 14 வயதுக்குட்பட்டோரைத் தீப்பெட்டி, பட்டாசு வேலையிலிருந்து தடுத்தது. குடும்பமாகச் செய்யும் வேலைக்கு அப்போது விலக்கு இருந்தது. பிறகும் எம்.சி. மேத்தா வழக்கில், பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்டணும்னு 1996 டிசம்பர் 10-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

போக்குவரத்து வரலாறு எழுதுறவங்க இந்த ரெண்டு வண்டியையும் ஒரே பக்கத்துல எழுதணும்.